கோட்டில் தெரியாத படபடப்பு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே ஈசிஜி அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த இருதய டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். தரைத்தளத்தில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில், ஒரு கட்டிலும் ஒரு மெஷினும் மட்டுமே கொள்ளும் சின்ன அறை. பதினெட்டு வருஷமாக அங்கேதான். கை கால்களில் நாலு கிளிப், மார்பில் ஆறு ரப்பர் குமிழ், "ஆடாதீங்க, பேசாதீங்க, கோடு ஆடிடும்" என்று ஒரு அதட்டல். தாளில் ஓடும் கோட்டைப் படித்துச் சொல்வது டாக்டர் பொறுப்பு. ஆனால் பதினெட்டு வருஷம் பார்த்த கண்ணுக்குத் தெரியாதா என்ன? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பயந்து வரும் இளவட்டங்களிடம், கோடு ஒழுங்காக இருந்தால் அவளே சொல்லிவிடுவாள்: "ஒண்ணுமில்ல. தைரியமாப் போங்க."

அதையேதான் தன் மகளிடமும் சொன்னாள்.

மகளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒரு மாதமாக நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை அம்மாவே கூட்டிவந்து ஈசிஜி எடுத்துப் பார்த்தாள். துடிப்பு கொஞ்சம் வேகம். மற்றபடி கோடு பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி இருந்தது. டாக்டரும் பார்த்துத் தலையாட்டினார்.

"ஒண்ணுமில்லடி. எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்."

மகள் உட்கார்ந்து, மார்பில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"யாரு பொய்னு சொன்னா? நெஞ்சுல கோளாறு இல்லைன்னு சந்தோஷப்படு."

அவள் சந்தோஷப்படவில்லை. அதன்பின் படபடப்பைப் பற்றிப் பேசவும் இல்லை. பேச்சு நின்றதால் வியாதியும் நின்றது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். மகள் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துகொள்வதும், லீவு நாளில் மத்தியானம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதும் கண்ணில் படாமல் இல்லை. அப்பா எலக்ட்ரீஷியன். அவருக்கு எந்தப் பழுதுக்கும் ஒரே வைத்தியம். "அந்த போனைப் பிடுங்கி வை, எல்லாம் சரியாயிடும்" என்றார். பிடுங்கியும் பார்த்தார். மகள் போன் இல்லாமலும் சுவரைப் பார்த்தாள்.

தினமும் காலையில் அம்மாவும் மகளும் ஒரே பஸ்ஸில்தான் கிளம்புவார்கள். ஆஸ்பத்திரி முதலில் வரும், அம்மா இறங்கிவிடுவாள். கல்லூரி அதற்கப்புறம் ஆறாவது நிறுத்தம். ஒரு நாள் அந்த பஸ்ஸின் கண்டக்டர் நெஞ்சு வலி என்று அவள் கட்டிலிலேயே வந்து படுத்தார். உடம்பெல்லாம் ஒயர் மாட்டிய பிறகு அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு காலேஜ் ஸ்டாப்புல இறங்கறதே இல்லை."

"பேசாதீங்க சார், கோடு ஆடுது," என்றாள் வாய்ப்பழக்கத்தில். பிறகுதான் காதில் விழுந்தது. "என்ன சொன்னீங்க?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும் வருது. அதே பஸ்ல திரும்புது. மறுபடியும் ஏறுது. மூணு வாரமா இப்படித்தான். நானும் ரெண்டு தடவை கேட்டேன், சிரிச்சுட்டுத் திரும்பிக்குது."

அவருடைய கோட்டை இரண்டாம் தடவை எடுக்க வேண்டியிருந்தது. முதல் தாள் முழுக்கக் கிறுக்கல்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வாரம் வாய்கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாளே! வீட்டுக்குப் போய் உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினாள். ஆனால் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மகள் நிமிர்ந்து பார்த்த பார்வையில், சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கைகால் கழுவப் போனாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாயை அடக்கிப் பழகாதவள், அன்றைக்கு அடக்கினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. அவள் இறங்கவில்லை.

"அம்மா, உன் ஸ்டாப்பு."

"தெரியும். இன்னைக்கு லீவு போட்டிருக்கேன்."

மகளுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்லூரி நிறுத்தம் நெருங்க நெருங்க அவள் கை முன்சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்தது. அம்மா அந்த மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தாள். நூற்று முப்பதுக்குக் குறையாது. உள்ளங்கையோ பனிக்கட்டி. ஆயிரக்கணக்கான நெஞ்சுத் துடிப்பைத் தாளில் பார்த்தவள்தான். ஆனால் ஒரு பிள்ளையின் பயம் இப்படித் தன் விரலுக்கடியில் ஓடி அவள் உணர்ந்ததில்லை. கதவு திறந்தது, மூடியது. பஸ் நகர்ந்தது. விரலுக்கடியில் துடிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

கடைசி நிறுத்தத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் மகள் சொன்னாள். வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டிய ஒரு நாளில் குரல் நின்றுபோனது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிலிருந்து அந்த அறைக்குள் நுழைந்தாலே மூச்சு முட்டுகிறது.

"இதுக்குப் போயா?" என்று அம்மாவின் வாயிலிருந்து நழுவிவிட்டது.

மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"நான் சொன்னது தப்பு," என்றாள் அம்மா. "நீ சொல்லு. குறுக்கப் பேசல."

மகள் பையை மறுபடியும் மடியில் இறக்கினாள். "இப்பல்லாம் பயம்கூட இல்லம்மா. எதுவுமே வேண்டாம்னு இருக்கு. பல்லு தேய்க்கறதே மலையைத் தூக்கற மாதிரி இருக்கு."

மனநலப் பிரிவு அவள் ஆஸ்பத்திரியிலேயே இரண்டாவது மாடியில் இருந்தது. "ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் இருக்காராம்," என்று அம்மா இழுத்தாள்.

"ஏன், உங்க ஆஸ்பத்திரியில இல்லையா?"

பதினெட்டு வருஷம் கூட வேலை பார்த்தவர்கள் என்ன பேசுவார்கள் என்பதுதான் அம்மாவின் கவலை. அதை மகளிடம் எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை தன் ஆஸ்பத்திரியிலேயே மகளோடு லிஃப்டுக்குக் காத்திருந்தபோது எக்ஸ்ரேக்காரர் வந்து நின்றார். "என்னக்கா, ரெண்டாவது மாடிக்கா?"

"ஆமா. பொண்ணைக் காட்டணும்," என்றாள். சொல்லி முடித்ததும் காது சுட்டது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல டாக்டரம்மா. என் மச்சினனை அவங்கதான் பார்த்தாங்க." ஏழு வருஷம் பக்கத்து அறையில் இருந்த மனுஷன். மச்சினனுக்கு உடம்பு சரியில்லை என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

டாக்டரம்மா முதலில் மகளிடம் தனியாகப் பேசினார். பிறகு அவள் சம்மதத்தோடு அம்மாவை உள்ளே கூப்பிட்டார். "காலையில கண்ணு முழிக்காமலே இருந்தா தேவலைன்னு சில நாள் தோணியிருக்காம். தன்னை எதுவும் செஞ்சுக்கற எண்ணம் இல்லை. நேராக் கேட்டுட்டேன். நீங்களும் அப்பப்ப நேராவே கேளுங்க. கேட்டா எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க."

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "கோடு நல்லாத்தானே டாக்டர் இருந்துச்சு?"

"இருந்திருக்கும். நெஞ்சு ஒழுங்கா வேலை செய்யுது. ஆபத்துன்னு நம்பி ஓடுது. ஆபத்து இல்லைன்னு அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் காட்டணும். ஒரேயடியா வகுப்புக்குள்ள தள்ளினா மறுபடியும் பஸ்ல ஏறிடும்."

அப்படித்தான் தொடங்கியது. முதல் வாரம் கல்லூரி நிறுத்தத்தில் இறங்கி, பத்து நிமிஷம் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்புவது மட்டும். பிறகு வாசல்கதவு வரை. பிறகு நூலகம். படபடப்பு வந்தால் ஓடாமல், மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டு அது தணியும் வரை நிற்க வேண்டும். மழையோ வெயிலோ, மனசு கேட்டாலும் கேட்காவிட்டாலும், சாயங்காலம் அரைமணி நடை. கூட நடக்கும் பொறுப்பு அப்பாவுக்கு. முதல் நாள் அவர் நடந்தபடியே அறிவுரை சொல்ல, மகள் பாதியில் திரும்பிவிட்டாள். அடுத்த நாளிலிருந்து எந்த வீட்டில் எந்த ஒயரை எப்படிப் பொசுக்கினார்கள் என்று மட்டும் சொன்னார். மூன்றாவது வாரம், "அப்பா, இந்தக் கதையை நேத்தே சொல்லிட்டீங்க" என்றாள் அவள். அவர் வீட்டுக்கு வந்து பெருமையாக மனைவியிடம் சொன்னார், "கேட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கா!"

தரைத்தளத்து அறையிலும் ஒரு மாற்றம். கோடு சரியாக இருந்தும் முகம் தெளியாத பிள்ளைகளிடம், "நெஞ்சு நல்லா இருக்கு. ஆனா படபடப்பு நிஜம்தான். சரியாத் தூங்கறியா?" என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். சிலர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். சிலர் கட்டிலை விட்டு எழாமல் அழுதார்கள். வெளியே வரிசை நீண்டு, மேலதிகாரியிடம் இரண்டு முறை பாட்டும் வாங்கினாள்.

மகளுக்கு அந்த வருஷம் போய்விட்டது. ஜூனியர்களோடு உட்கார வேண்டியிருந்தது. நடுவில் பத்து நாள் படுக்கையை விட்டு எழாத ஒரு சரிவும் வந்தது. அம்மா பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடினாள். "ஏறும்போது வழுக்கத்தான் செய்யும்" என்று அவர் சொல்லி, வரச்சொல்லும் நாட்களைக் கூட்டினார்.

பரீட்சையில் முதல் தாளின்போது பாதியில் மூச்சு முட்டியிருக்கிறது. மகள் கண்காணிப்பாளரிடம் கேட்டு வெளியே போய், முகம் கழுவி, சுவரில் சாய்ந்து நின்றுவிட்டுத் திரும்ப உள்ளே போயிருக்கிறாள். இருபது நிமிஷம் நஷ்டம். வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு அவளே சொன்னாள்.

"அஞ்சு கேள்வியில மூணுதான் எழுதினேன். பாஸாவேனான்னு தெரியல. பசிக்குதும்மா."

அவள் பசிக்கிறது என்று சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று! அம்மா பரீட்சையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போனாள்.

அந்தத் தாளில் நாலே மார்க் வித்தியாசத்தில் தேறினாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டாவது மாடிக்கு இப்போதும் போகிறாள், தனியாகவே.