பழனியாண்டி சுற்றிய வேகம்

அரிவு வெட்டுத் தொடங்கிய அன்றே கமலாட்சி வரம்பில் நின்று சொல்லிவிட்டாள்.

"பேச்சியம்மா, வேணுமெண்டால் தேவாரம் பாடு. உந்தச் சினிமாப் பாட்டு இன்னொருக்கா என்ர வயலுக்கை கேட்டால், அடுத்த போகத்துக்கு வேற ஆக்களைப் பிடிப்பன்."

பேச்சியம்மா வாயை மூடிக்கொண்டாள். கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஜெயபுரம் வந்தவள். சொந்தமாக ஒரு துண்டு வயல் கிடையாது. அரிவாள் பிடித்தால்தான் அடுப்பு எரியும். அவளுக்குப் பின்னால் வரிசையில் வெட்டுகிற பெண்களுக்கும் அதே கதைதான்.

ஆனால் பாட்டு போகவில்லை. சண்டையால் கரண்டும் இல்லாத, கடைக்குப் பற்றரியும் வராத காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால்தான் டைனமோவில் டேப் ரெக்கோடர் பாடும். மெதுவாகச் சுற்றினால் பாடுகிறவன் செத்தவீட்டில் அழுகிறவன் மாதிரி இழுப்பான். வேகமாகச் சுற்றினால் நாய் துரத்தினவன் மாதிரி ஓடுவான். பேச்சியம்மாவின் புருசன் பழனியாண்டிக்கு விறகு கொத்திக் காய்த்த கை. மெதுவாக ஒரு வேலையும் தெரியாது. குடைக்குள் இடம் கேட்டுக் கெஞ்சுகிற ஒரு காதல் பாட்டு, அவன் சுற்றிய சுற்றில் தலைதெறிக்க ஓடி வந்து அவள் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்தது. சோறு வடித்தாலும் அது, சாமி கும்பிட்டாலும் அது.

வாயை மூடினதும் கை தளர்ந்தது. அவள் கை தளர, வரிசையே தளர்ந்தது. மத்தியானம் கடந்தும் பாதி வயல் அப்படியே நின்றது. மாசி மாதத்தில் வரக்கூடாத மழை, கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும்.

"கையில இருக்கிறது அரிவாளோ அகப்பையோ?" என்று கேட்டாள் கமலாட்சி.

"வாயைக் கட்டினா கையும் கட்டிக்கிடுதும்மா."

"வாயாலயோ நெல்லு வெட்டுறது?"

"பாட்டு உள்ளுக்க ஓடிக்கிட்டுதான் இருக்கு. அதை அமுக்கிப் பிடிக்கவே என் பலமெல்லாம் போயிருது."

இடி முழங்கியது. பேச்சியம்மா வானத்தைப் பார்த்தாள். பாடினாலும் வேலை போகும், பாடாமல் நெல் நனைந்தாலும் போகும். சேலையை இழுத்துச் செருகினாள்.

"கோவிக்கிறதுன்னா பொழுது பட்டப்புறம் கோவிச்சுக்குங்கம்மா," என்றுவிட்டுப் பாட்டை அவிழ்த்துவிட்டாள்.

அரிவாள்கள் பாட்டுக்குப் பின்னால் ஓடின.

"அக்கா, கொஞ்சம் மெதுவாப் பாடு, மூச்சு வாங்குது," என்றாள் பக்கத்தில் வெட்டிய இரஞ்சிதம்.

"எனக்கு இந்த வேகந்தான்டி தெரியும். மூச்சை வீட்டுல போய் வாங்கு."

வெட்டினார்கள், கட்டினார்கள், சுமந்தார்கள். கமலாட்சியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதிர்க்கட்டுச் சுமந்தாள். அவளுடைய உதடும் பாட்டுக்கு அசைந்ததை இரஞ்சிதம் கண்டாள். கடைசிக் கட்டும் கதிர்ப்போரான சூட்டில் ஏறி, மேலே படங்குத் துணி மூடிய பிறகுதான் மழை கொட்டியது. கமலாட்சி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று பேச்சியம்மாவுக்குத் தெரியவில்லை.

பங்குனித் திருவிழாவில் கோயிலுக்கு ஜெனரேட்டர் வந்தது. சாமி வீதி சுற்றி முடிந்ததும் ஸ்பீக்கரில் அதே பாட்டு. ஆனால் ஆடி அசைந்து வந்தது. வயலில் வெட்டிய பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"பாடுறவனுக்குக் காய்ச்சல் போல," என்றாள் இரஞ்சிதம்.

ஸ்பீக்கர்காரப் பாலன், "இதுதான் சரியான வேகம், அக்கா," என்றான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கமலாட்சி வந்தாள்.

"தம்பி, உது பிழை. என்ர வயல் முழுக்க வெட்டி முடிச்ச பாட்டு அது, எனக்குத் தெரியாதோ? கெதியா ஓட விடு." பிறகு பேச்சியம்மாவின் பக்கம் திரும்பினாள். "வாற போகத்துக்கும் நீதான் முன்னுக்கு வெட்டுறாய். பாட்டோட வா."

பேச்சியம்மா பக்கத்தில் நின்ற பழனியாண்டியின் கையைப் பிடித்து உயர்த்தினாள்.

"தம்பி, உன் மெசினை நிப்பாட்டிட்டு இந்தக் கையை வச்சுச் சுத்து. பாட்டு தன்னால சரியாகும்."