இரண்டு பெண்களுக்கு ஒரு வாடகை வீடு

ஆசிரியைக்கு வேலை கொடுக்கும் ஊர் அவளுக்கு வீடும் கொடுக்கும் என்று எந்த நியமன உத்தரவிலும் எழுதியிருப்பதில்லை. பூந்தமல்லியில் தமிழாசிரியையாக நியமனம் பெற்ற போர்க்காலத்தில் இதை நான் கற்றுக்கொண்டேன். வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. சொந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இவற்றைக் கட்டுக்கதை என்று எண்ணக்கூடும்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று அஞ்சிப் பட்டணமே அப்போது காலியாகிக்கொண்டிருந்தது. புரசைவாக்கத்தில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்த உறவினர், அமாவாசைக்கு மறுநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கும்பகோணம் போவதாக அறிவித்தார். அமாவாசைக்குப் பதினான்கு நாள்கள் இருந்தன. பள்ளி நிர்வாகியோ, கரிவாயுவில் ஓடி நடுவழியில் நிற்கும் பஸ்ஸை நம்பி ஆசிரியையை நியமிக்க முடியாது என்றும், பள்ளி திறக்குமுன் நான் உள்ளூரில் குடியேறாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போகும் என்றும் எழுதியிருந்தார். குடியேற வேண்டியவர்கள் இருவர்: கைம்பெண்ணாகிய நான், ஆறு மாதக் கர்ப்பிணியாகிய என் தங்கை சாரதா. அவள் கணவர் பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனவர். போனதும் ஒரு கடிதம் வந்தது. அதன்பின் நான்கு மாதமாக ஒன்றும் வரவில்லை.

முதல் வீடு

தரகர் காதர் பாய் எங்களை முதலில் அழைத்துச் சென்றது பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடியில், ஆவடிக்குப் போகும் ராணுவ லாரிகள் திரும்பும் முனையருகே இருந்த ஓட்டு வீட்டுக்கு. இரண்டு அறை, கிணறு, என் சம்பளத்துக்குள் அடங்கும் வாடகை. வீட்டுக்காரர் மாணிக்கம் பின்கட்டில் குடியிருந்தார். எல்லாம் பேசி முடிந்தபோது அவர் மனைவி தனகோட்டி வெளியே வந்து, என் வெறும் நெற்றியையும் சாரதாவின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கூட ஆம்பள யாரு?" என்றார். யாரும் இல்லை என்றேன். பிரசவம் எங்கே என்றார். இங்கேதான் என்றேன். கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடை அளிப்பது என் வழக்கம். அவர் சாவியைக் கணவர் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆம்பள இல்லாத குடித்தனம், அதுல தீட்டு வேறயா? ஊடு காலியா கெடந்தா கெடக்கட்டும், போம்மா!"

காட்டுப்பாக்கத்துப் பசு

பட்டணத்திலிருந்து ஓடி வந்தவர்கள் கேட்ட வாடகையைக் கொடுத்ததால், கூரை இருந்த இடமெல்லாம் வீடு என்று பெயர் பெற்றது. காட்டுப்பாக்கத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒரே அறைக்கு என் சம்பளத்தில் பாதியைக் கேட்டார் ஒருவர். உள்ளே சுவரோரம் கல்தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு பசு நின்று எங்களைப் பார்த்தது. அதை எங்கே கட்டுவீர்கள் என்றேன்.

"அது எங்க போகும் டீச்சரம்மா? பத்து வருசமா இங்கதான் கீது. நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சிகினு போவணும்."

காதர் பாயின் ஏற்பாடு

அமாவாசைக்கு மூன்று நாள்களே இருந்தன. பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு அமைந்தது. நாங்கள் போகுமுன்பே காதர் பாய் அங்கே பேசி வைத்திருந்தார்: சாரதாவின் கணவர் அடுத்த மாதம் லீவில் வருகிறார், வாரம் தவறாமல் கடிதம் எழுதுகிறார். வீட்டுக்கார அம்மாள் மகிழ்ந்து, சாரதாவின் கையைப் பற்றிக்கொண்டு, "போன வாரம் இன்னா எழுதியிருந்தாரு?" என்று கேட்டார்.

சாரதா என்னைப் பார்த்தாள். பொய்யின் மேல் குடியேற எனக்கு மனம் வரவில்லை. கடிதம் வந்து நான்கு மாதம் ஆயிற்று என்றும், அவர் இருக்கும் இடமே எங்களுக்குத் தெரியாது என்றும் தெளிவாகச் சொன்னேன். அந்த அம்மாள் பற்றியிருந்த கையை விட்டார். சாரதாவின் தலையிலிருந்த பூவைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாய்விட்டு ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வரும் வழியில் சாரதா தானே பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் சற்று முன்னால் போகும்வரை பொறுத்திருந்து காதர் பாய் என்னிடம் சொன்னார்:

"உண்மையத்தான் சொன்னீங்க, தப்பில்ல. அத அந்தப் பொண்ணு எதிர்லயாம்மா சொல்லணும்?"

ஒப்பந்தம்

அமாவாசையன்று காலை உறவினர் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டி தனியே வாசலோரம் நின்றது. அப்போது காதர் பாய் மூச்சிரைக்க வந்தார். அவருக்குப் பின்னால் குமணன்சாவடி மாணிக்கம். காலியாகக் கிடக்கும் வீடுகளை ராணுவத்தார் எடுத்துக்கொள்கிறார்களாம். முந்தைய நாள் அவருடைய பக்கத்து வீட்டுக் கதவில் சுண்ணாம்பால் எண் எழுதிவிட்டுப் போனார்களாம்.

"இன்னிக்கே வந்துடுங்கம்மா. ராவுகாலம் எமகண்டம் ஒண்ணும் பாக்க வேணாம்" என்றார் மாணிக்கம்.

நான் தாளும் பேனாவும் எடுத்து எழுதினேன்: குடித்தனக்காரர் இருவரும் பெண்கள் என்பது வீட்டுக்காரர் அறிந்ததே. பிரசவம் இவ்வீட்டிலேயே நடைபெறும். வாசற்படியில் முதலில் யார் காலடி வைப்பது என்பதைக் குடித்தனக்காரரே தீர்மானிப்பர். மூன்றையும் உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டாவதை நான் படிக்கும்போதே அவர் கையெழுத்துப் போடக் கையை நீட்டிவிட்டார்.

மாலையில் நானும் சாரதாவும் கைகோத்து ஒன்றாகப் படி ஏறினோம். முனையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின, ஓடுகள் அதிர்ந்தன. குண்டுக்குப் பயந்து பட்டணத்தை விட்டு வந்து, குண்டு தேடிவரும் இடத்திலேயே குடியேறிவிட்டோமே என்றேன். சாரதா, மூன்று நாளாகச் சேலைக்குச் சேலை மாற்றி முடிந்து வைத்திருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாடிய பூவைத் தலையில் செருகிக்கொண்டாள்.

"குண்டு விழுந்தா ஒரு தடவைதான் விழும் அக்கா. வீட்டுக்காரங்க தினமும்தானே நம்ம மேல எரிஞ்சு விழுந்தாங்க!"

மூன்றாம் மாதம்

சாரதாவுக்கு வலி கண்டது பட்டப்பகலில், நான் வகுப்பிலிருந்தேன். செய்தி கேட்டு ஓடி வந்தபோது வாசலில் மாணிக்கம் மட்டும் நின்றார். உள்ளே மருத்துவச்சிக்கு வெந்நீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் தனகோட்டி. பர்மாவிலிருந்து அன்றுவரை கடிதம் இல்லை. அடுத்த ஒரு மணி நேரம் நான் கிணற்றில் இறைத்த நீரை அவர் காய்ச்சி உள்ளே கொண்டுபோனார். குழந்தை அழுதது. தனகோட்டி அதைத் துணியில் சுற்றி, என்னிடந்தான் முதலில் நீட்டினார்.

"ஊட்டுல ஆம்பள இல்லன்னு சொன்னேனே டீச்சரம்மா, இந்தா, வந்துட்டான்!"

ஆக, வீடு தேடி அலையும் தோழியரே, ஒரு பெண் வாடகை வீட்டுக்குத் தகுதி பெற அவளிடம் எந்தக் குறையும் நீங்க வேண்டியதில்லை, அந்த வீட்டின் கதவில் அரசாங்கம் ஓர் எண்ணை எழுதப் புறப்பட்டாலே போதும்.