இடது பக்கத்துச் சைலன்சர்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் ஒன்று, சைலன்சர் இரண்டு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. மாமனார் தன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வண்டி. கிக்கர், கியர் இரண்டும் ஒரே கம்பிதான். உதைத்துக் கிளப்பிவிட்டு அதையே மடக்கிக் கியராக வைத்துக்கொள்ள வேண்டும். சங்கராபுரத்தில் எங்கே நிறுத்தினாலும் யாராவது நின்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆயுத பூஜை அன்று டிராக்டருக்கு முன்னால் இதற்குத்தான் பொட்டு வைப்பார்கள். சென்னையிலிருந்து ஒருவர் ஒருமுறை விசாரித்துக்கொண்டு வந்தார். களத்து மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு சைலன்சர்களையும் தடவிப் பார்த்தார். "ஒண்ணுகூட மாத்தல, அப்படியே வச்சிருக்கீங்களே" என்று அவர் சொன்னதை மாமனார் இன்றும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

சேலை கட்டியவர்கள் வண்டியில் இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டுத்தான் உட்காருவோம். வண்டி சாய்ந்து நிற்பதும் இடப்பக்கம், இறங்குவதும் இடப்பக்கம். மற்ற வண்டிகளில் அந்தப் பக்கம் சைலன்சர் இருக்காது. எங்கள் வண்டியில் இருந்தது.

கல்யாணமான புதிதில் ஒரு கோயில் வாசலில் இறங்கும்போது எனக்குச் சுட்டது. இடது கணுக்காலுக்கு மேலே, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. வீட்டுக்கு வந்ததும் மாமியார் தேங்காய் எண்ணெய் தடவினார்.

"இன்னாம்மா, வண்டில உக்கார தெரியாதா ஒனக்கு? பாத்து, காலத் தூக்கினாப்புல எறங்கணும்" என்றார். பிறகு தன் புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அதே கால், அதே இடம். கறுத்துப்போன பழைய தழும்பு. களமருதூரில் கட்டிக்கொடுத்திருக்கும் நாத்தனாருக்கும் இருக்கிறதாம். "இந்த வூட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் உண்டு. இப்பத்தான் நீ இந்த வூட்டு ஆளு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். எனக்கு உட்காரத் தெரியவில்லை என்பதை அப்படியே நம்பினேன். பால் பொங்கினால்கூட அடுப்பைக் குற்றம் சொல்லாமல் என்னைச் சொல்லிக்கொள்கிற ஆள் நான். கல்லூரியில் இயற்பியல் படித்தவள். சூடு எங்கிருந்து எங்கே போகும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். அந்தப் படிப்பு அந்தக் கணுக்கால்வரை வரவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை சுட்டது. இரண்டு முறையும் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் நானே எண்ணெய் தடவிக்கொண்டேன்.

மகள் பிறந்தாள். குழந்தையாக இருந்தவரை பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்து வந்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்வராயன் மலையில் அருவி பார்க்கலாம் என்று மூவரும் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் தாண்டினால் ஏற்றம் தொடங்கிவிடும். பழைய வண்டி, மூன்று பேர் பாரம். இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு ஏறியது. வெள்ளிமலையில் டீ குடிக்க நிறுத்தியபோது எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று சூடு விடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. "இரு பாப்பா, பாத்து" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகள் இடப்பக்கமாகச் சறுக்கி இறங்கிவிட்டாள்.

அவள் அழுத அழுகையை எழுத எனக்கு இப்போதும் தெம்பு இல்லை. டீக்கடைக்காரர் குடத்துத் தண்ணீரை ஊற்றினார். நின்றவர்களில் ஒருவர் பற்பசை தடவச் சொன்னார், இன்னொருவர் கூடாது என்றார். பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த நர்ஸ் மருந்து தடவிக்கொண்டே கேட்டார்.

"சைலன்சரா? இன்னா வண்டிங்க அது? எங்ககிட்ட வர்றதெல்லாம் வலது காலாத்தான் இருக்கும்."

நான் தரையில் குத்துக்காலிட்டு மகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கொலுசுக்கு மேலே இருந்ததை அவர் பார்த்துவிட்டார். மகள் காலைப் பார்த்தார், மறுபடி என் காலைப் பார்த்தார்.

"ஒங்களுக்கும் அதே எடமா?"

அருவி பார்க்காமல் திரும்பினோம். வழியெல்லாம் மகளின் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மாமியார் பதறித்தான் போனார். பேத்தியை வாங்கி மடியில் போட்டு ஊதினார். அழுகை அடங்கியதும், சமாதானம் செய்கிற குரலில், "ஒண்ணும் இல்ல கண்ணு, ஆறிடும். ஒனக்கும் வந்துடுச்சா? இந்த வூட்டுப் பொண்ணுன்னு காட்டிட்ட போ" என்றார்.

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனார் அப்போதுதான் கரும்புக் கொல்லையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். வாயைத் திறப்பதற்கு முன்னால் பத்து முறை யோசிக்கிற நான், அன்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

"மாமா, அந்த இடது சைலன்சர எடுத்துடணும்."

"எடுத்துட்டு?"

"வலப்பக்கம் வைக்கலாம். எங்கியாவது வைக்கலாம். இந்தப் பக்கம் வேணாம்."

"ரெண்டு பக்கம் இருக்கறதாலதான் அது அந்த வண்டி. அத வெட்டனா அப்புறம் அதுல இன்னா இருக்குது?" அவர் கோபமாகப் பேசவில்லை. பாடம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "நீ படிச்ச பொண்ணு. கொயந்தைக்குப் பாத்து உக்காரச் சொல்லிக்குடு."

"பாத்துதான் மாமா உக்காந்தோம். அத்தை, அண்ணி, நான், பாப்பா எல்லாரும் பாத்துதான் உக்காந்தோம்."

மாமனார் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "அது மாறாத வரைக்கும் நானும் பாப்பாவும் அதுல ஏறல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தேன். இப்படிப் பேசியிருக்க வேண்டாமோ, மாமனார் சாப்பிடுவாரோ மாட்டாரோ என்று உலை கொதிக்கும்வரை நினைத்தேன். அவர் சாப்பிட்டார். நானும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் நானும் மகளும் பஸ்ஸில் போனோம். என் கணவர் நல்லவர். அப்பாவுக்கு எதிரே பேசுகிற பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. "கொஞ்ச நாள் போவட்டும், நான் சொல்றேன்" என்பார். கொஞ்ச நாள் போய்க்கொண்டே இருந்தது. மணலூர்பேட்டையில் ஒரு வளைகாப்புக்கு அவர் வண்டியில் தனியாக வந்து இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே நாங்கள் பஸ்ஸிலிருந்து வியர்த்து விறுவிறுத்து இறங்கி நடந்து வந்தோம். அவருடைய சித்தப்பா பந்தலில் இருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னாடா, வண்டி தாங்கலியா, இல்ல பொண்டாட்டி தாங்கலியா?"

பந்தலே சிரித்தது. கணவர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். வழக்கமாக அப்படித்தான் செய்வேன். அன்று மகளை இடுப்பில் தூக்கி, அவள் காலைச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். புண் ஆறி, தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. "வண்டி சுடுது சித்தப்பா. அதான் ஏறல" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு மூன்று பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கணவரே, "கெளம்பு, கள்ளக்குறிச்சி போலாம்" என்றார். மாமனாரிடம் சொல்லியாயிற்றா என்று நான் கேட்டேன். "சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல" என்றார். சம்மதம் இல்லாத மௌனம்தான் அது. தெரிந்தேதான் கிளம்பினேன். மாற்றத்தானே போகிறோம் என்று அந்த வண்டியிலேயே ஏறினேன். சுடிதார் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு, எங்கள் தெருவழியாகவே போனேன்.

பட்டறைக்காரர் என் கணவரைப் பார்த்து, "சார், இன்னா பண்ணணும்?" என்றார்.

"இடது சைலன்சர வலப்பக்கம் கொண்டாந்துடணும்" என்றேன் நான்.

அவர் மறுபடியும் கணவரைப் பார்த்தார். "சார், மேடம் இன்னா சொல்றாங்க?"

"மேடம் சொல்றதத்தான் சொல்றாங்க" என்றார் கணவர்.

அதற்குப் பிறகும் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அவருக்குத்தான் போனது. "ஒரிஜினல் சார் இது. இத்த வெட்றதுக்கு மனசே வராது. சூடு தாங்கற துணி இருக்குது, சுத்திக் குடுத்துடறேன்."

"துணி சுத்துனா பாப்பா கால் பட்டா சுடாதா?" என்றேன்.

"சுடும் சார். கம்மியா சுடும்."

"கம்மியாகூட வேணாங்க."

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். "இடது பைப்பு எஞ்சினுக்கு முன்னால சுத்திக்கினு வரணும்மா. நீளம் ஜாஸ்தியாவும். மேட்டுல வண்டி இழுவை கம்மியாவும். அப்புறம் என்னியச் சொல்லக்கூடாது."

"அது கம்மியாவட்டும்."

சாக்பீஸ் வாங்கித் தரையில் வரைந்து காட்டினேன். படம் நல்லாத்தான் இருக்குது, பைப்பு இப்படி வளையாதே என்று சொல்லி அவர் வேறு மாதிரி வரைந்தார். எஞ்சினிலிருந்து இடப்பக்கம் இறங்கும் வளைந்த பைப்பை வெட்டி, துண்டு சேர்த்து, முன்பக்கமாக வலப்பக்கத்துக்குத் திருப்புவது. பழைய சைலன்சர்கள் இரண்டும் அப்படியே இருக்கும், ஒன்றின்மேல் ஒன்றாக. வெட்டும் மிஷின் பைப்பில் பட்டுத் தீப்பொறி பறந்தபோது கணவர் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். நான் நின்றேன். இனி எங்கேயும் கிடைக்காத ஒன்றை என் பிடிவாதத்துக்காக வெட்டுகிறோமோ, எஞ்சின் மலையில் பாதி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வோம் என்று தோன்றியது. நிறுத்தச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாமனார் அதைச் சுற்றி வந்து பார்த்தார். வெறுமையாகக் கிடந்த இடப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒத்தக் காது அறுத்த மாடு மாதிரி கீது" என்று சொல்லி உள்ளே போனார். அதற்குப் பிறகு வெகுநாள் அதைத் தொடவில்லை. தெருவில் சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. அவருக்குக் காபியில் சர்க்கரை சரியாகப் போட்டிருக்கிறேனா என்று தினமும் இருமுறை ருசி பார்த்துக் கொடுத்தேன். வருத்தம் மட்டும் தெரிவிக்கவில்லை.

கரும்பு வெட்டு நடந்த சமயத்தில் ஒருநாள் வேறு வண்டி இல்லாமல் அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். திரும்பி வரும்போது வலது காலைச் சாய்த்து நடந்தார். கேட்டதற்கு முள் என்றார். மாமியார் குனிந்து பார்த்தார். கெண்டைக்காலில் கொப்புளம். மேல் சைலன்சர் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

மாமியார் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இன்னாங்க, வண்டில உக்கார தெரியாதா ஒங்களுக்கு?"

மாமியார் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். வரும்போது என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இருந்தது. அவரிடம் நான் அதுவரை பார்க்காத சிரிப்பு.

மறுநாள் காலையிலேயே மாமனார் அந்த வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். மாலையில் இரண்டு சைலன்சர்களின் மேலும் ஓட்டை ஓட்டையான தகடு ஒன்றைக் கவசம்போலப் பொருத்திக்கொண்டு திரும்பினார். கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புதான், சுடவில்லை. ஒரே நாள் வேலை. மாமியார் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாருக்கும் தோன்றாத தகடு.

கொஞ்ச நாள் கழித்து, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமனார் பொதுவாகச் சொன்னார்: "இப்பத்தான் தகடு இருக்குதே. பழையபடி ரெண்டு பக்கமும் வச்சு, ரெண்டுக்கும் தகடு போட்டுட்டா ஒருத்தருக்கும் சுடாது."

நியாயமான பேச்சு. கணவர் என்னைப் பார்த்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தேன். ஒத்துக்கொண்டால் வீட்டில் முகங்கள் தெளியும். வண்டி மறுபடி அந்த வண்டியாகிவிடும். அவர் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்.

"வேணாம் மாமா" என்றேன். "அந்தத் தகடு கழண்டு விழுந்தாலும் பாப்பா எறங்கற பக்கம் ஒண்ணும் இருக்கக்கூடாது."

அவர் மோரை வாங்கிக்கொண்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இந்தத் தை மாதம் விட்டுப்போன அருவியைப் பார்க்க மறுபடியும் மலை ஏறினோம். பட்டறைக்காரர் சொன்னது சொன்னபடியே நடந்தது. வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு செங்குத்தான வளைவில் வண்டி திணறி நின்றேவிட்டது.

"இழுவை போச்சு, பாத்தியா?" என்றார் கணவர்.

"போச்சு. நாங்க நடந்து வர்றோம், நீங்க ஏத்துங்க."

நானும் மகளும் வளைவை நடந்தே ஏறினோம். மூச்சு வாங்கியது. மேலே சமதளத்தில் அவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். எஞ்சின் டிக் டிக் என்று சூடு விட்டுக்கொண்டிருந்தது. மகள் என் கையை உதறிவிட்டு ஓடி, இடப்பக்கமாக வண்டியில் தொற்றி ஏறினாள். வழக்கம்போல "பாத்து" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.