ஒன்றரை இஞ்சு

கல்லூரி வாசலில் நகல் கடை வைத்திருந்த அவரை எல்லோரும் ஜெராக்ஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்துமூன்று வயது, வழுக்கைத் தலை, பாக்கெட்டில் எப்போதும் நாலு பேனா. வண்டியை ஸ்டைலுக்காகத் தாழ்த்துகிற ஆளாக அவரை யாரும் நினைக்க முடியாது. ஆனால் அந்த மாதம் ஏறி இறங்கிய இடத்திலெல்லாம் அவரை அப்படித்தான் பார்த்தார்கள்.

விஷயம் அவருடைய அக்கா. பஸ் விபத்துக்குப் பிறகு அக்காவுக்கு ஒரு முட்டி மடங்காது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. தினமும் தம்பிதான் கொண்டுபோய் விடுவார். அவரிடம் இருந்ததோ ஜீப் மாதிரி உயரமான பழைய வண்டி. அக்கா மேல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் ஏறுவாள். படி வைத்தும் பார்த்தாகிவிட்டது. மடங்காத காலுக்குப் படி இன்னொரு தடங்கல், அவ்வளவுதான். ஒரு மழை நாளில் கை வழுக்கி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய அடி இல்லை. ஆனால் எதிர்க் கடைக்காரர்கள் ஓடி வந்து தூக்கிவிட்டதில் அன்று முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. வேறு வண்டி வாங்க வசதி இல்லை. இருப்பதைத் தாழ்த்திவிடுவது என்று அன்றைக்கே அவர் முடிவு கட்டினார்.

"வண்டிய இறக்கணுமா? பையனுக்கா சார்?" என்றார் பக்கத்துப் பட்டறை மெக்கானிக்.

"அக்காவுக்கு."

மெக்கானிக் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டார். "ஸ்பிரிங்ல ஒரு சுத்து அறுத்துவிட்டா வேல முடிஞ்சுது."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பர் கட்டு வாங்கப் போனார். திரும்பி வந்தபோது முன்பக்கத்து ஸ்பிரிங் ஒன்றை கிரைண்டரால் அறுத்து, திரும்ப மாட்டியும் ஆகியிருந்தது. சும்மா நிற்பானேன் என்று ஆரம்பித்துவிட்டாராம். அண்ணன் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். அறுபட்ட ஸ்பிரிங் அதன் இடத்தில் இறுக்கமாக உட்காராமல், கையால் தொட்டாலே சுற்றியது.

"குழியில எறங்கி எழும்புறப்ப இது எடம் மாறினா என்ன ஆகும்?"

"எல்லாரும் இப்படித்தான் சார் ஓட்டுறாங்க."

"எல்லாரும் எங்கக்காவ ஏத்திட்டுப் போகலயே" என்று கத்திவிட்டு, ஒருபக்கம் சரிந்து நின்ற வண்டியை உருட்டாத குறையாக ஸ்பிரிங் கடைக்குக் கொண்டுபோனார்.

அந்தக் கடையை நடத்தியவர் ஒரு பெண்மணி. கையில் கிரீஸ், காதில் பென்சில். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அறுத்தத தூக்கிப் போடுங்க. இந்த வண்டிக்குன்னே குட்டையா ஸ்பிரிங் வருது. நாலையும் மாத்தணும். ஷாக் அப்சார்பரும் அதுக்கேத்த மாதிரி குட்டையா இருக்கணும், இல்லன்னா அடி வாங்கியே எண்ணெய் ஒழுக ஆரம்பிச்சிரும்" என்றார்.

"கொஞ்சம் செலவு கம்மியா..."

"ஒழுகாத பழைய ஷாக் கெடச்சா போடலாம். ஸ்பிரிங் புதுசுதான். அதுலயும் கை வச்சா உயிரோட வெளையாடுற மாதிரி."

"எவ்வளவு எறங்கும்?"

"ஒன்றரை இஞ்சு. அதுக்கு மேல போனா டயர் மட்கார்டுல உரசும்."

முதல் பார்சலில் பின்பக்கத்து ஸ்பிரிங் மட்டும் வந்தது. அடுத்ததில் வேறு வண்டியின் ஸ்பிரிங். மூன்றாவது வாரம், ஒரு பாவமும் அறியாத பார்சல்காரரை அவர் பிடித்து ஏசினார். அக்கா வாடகை வண்டியில் போய் வந்தாள். கடைசியில் எல்லாம் மாட்டி, வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட் வெளிச்சத்தையும் சரிசெய்து வண்டி வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை அவரே கதவைத் திறந்துவிட்டார். அக்கா வழக்கம்போல் கைப்பிடியில் தொங்கினாள். வழக்கம்போல் மூச்சு வாங்கியது.

"எறங்கியிருக்குல்ல?"

"எது?"

அவருக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஒரு மாசம்க்கா. நாய் படாத பாடு பட்டிருக்கேன்."

"நானா படச் சொன்னேன்? சீட்ட பின்னால தள்ளுடான்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். கால நீட்ட எடமில்லாமத்தான் தொங்கிட்டு நிக்கிறேன்."

சொல்லியிருந்தாள்தான். அது நகராதுக்கா என்று ஒவ்வொரு முறையும் அவரும் பதில் சொல்லியிருந்தார். 

அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு நேரே ஸ்பிரிங் கடைக்குப் போனார். அந்தப் பெண்மணி சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, துருவில் எண்ணெய் விட்டு, இடுக்கில் சிக்கிக் கிடந்த ஒரு ஸ்டேப்ளர் பின் டப்பாவை நெம்பி எடுத்துக் கொடுத்தார். அண்ணனுடைய நகல் கடை டப்பாதான். கால் மணி நேரத்தில் சீட் பின்னால் நகர்ந்தது. அவருக்குத் தன் கன்னத்திலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா முதுகைக் காட்டி சீட்டில் உட்கார்ந்து, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். கைப்பிடியைத் தொடவே இல்லை.

"பழைய ஒசரத்துல இப்படி உக்கார முடியாது" என்றாள், கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி. "அந்த ஒன்றரை இஞ்சு வேண்டியதுதான்."

 வீட்டு கேட்டின் சரிவில் ஏறும்போது வண்டியின் அடி தரையில் கர்ரென்று உரசியது.  அவர் பின்னால் எடுத்து, சாய்வாக ஒடித்து ஏற்றினார். உரசவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் ஏற்றுகிறார், ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கொண்டே.