முகப்பேரில் முந்திரிக்கொத்து

எட்டாம் மாதம், ரயில் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமாகி சென்னை முகப்பேருக்கு வந்தபின், ஊருக்குப் போகாத முதல் கிறிஸ்துமஸ் அது. எனக்கு நாகர்கோவில் பக்கம். அம்மா இந்நேரம் எங்கள் ஊர்ப் பலகாரமான முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு விடவே இல்லை. நாமே செய்துவிடலாம் என்று பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் அடுப்பைப் பற்றவைத்தேன். கணவர் ஆபீஸில் இருந்தார்.

பயற்றுப்பொடியையும் தேங்காயையும் வெல்லப்பாகில் சேர்த்து உருட்ட வேண்டும். எனக்குப் பாகு முறுகிவிட்டது. மாவில் முக்கி எண்ணெயில் போட்ட உருண்டைகள் உதிர்ந்து கருகின. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கருகல் வாசம் பிடித்து எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். அம்பத்தூரில் தையல் கம்பெனியில் வேலை செய்பவர்; அன்றைக்கு லீவில் இருந்தார். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி.

"இன்னா கண்ணு, வாயும் வயிறுமா கீறே, தரையில குந்திகினு அழுவுறே?"

"ஊருக்குப் போகணும்க்கா."

அவர் முதலில் அடுப்பை அணைத்தார். கையைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். புதிதாகப் பாகு காய்ச்சினார். பொரித்தெடுத்தபோது மூன்று மூன்றாக ஒட்ட வேண்டிய உருண்டைகள் ஏழெட்டாக ஒட்டிக்கொண்டு வந்தன. வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"இது கொத்தா மக்களே, தோட்டமால்லா இருக்கு!" என்று அம்மா சிரித்தாள். பிறகு அக்காவைப் பார்த்து, "எம் பிள்ளைய கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றாள்.

"நா பாத்துக்கறேன்மா, நீ இன்னாத்துக்கு பேஜாராவுறே?"

"அவிய என்ன சொல்லுதாவ மக்களே?"

"உங்கம்மா பேசறது மலையாளமா கண்ணு?"

இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தே என் அழுகை நின்றுபோனது.

மறுநாள் ஆலயத்தில் இயேசு பிறந்த வரலாற்றை வாசித்தார்கள். சிறுவயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் மரியாளும் பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியாதவள் என்பது அன்றைக்குத்தான் மனதில் பட்டது. இடம் கிடைக்காத ஊரிலும் யாரோ ஒருத்தி தண்ணீர் சுடவைத்து, பழந்துணி கொண்டுவந்து கொடுத்திருக்கத்தானே வேண்டும்? அவளைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. தகப்பன் வீட்டை விட்டுவந்த தேவகுமாரனை முதலில் கையில் வாங்கியவள் அவளாகக்கூட இருக்கலாம். அவளுக்காக ஒரு ஜெபம் செய்தேன்.

வலி குறித்த நாளுக்கு முன்பே வந்துவிட்டது. அம்மா ரயிலேறக்கூட இல்லை. கணவர் ஆட்டோ பிடிக்க ஓட, அக்கா என்னைத் தாங்கிப் படியிறக்கினார். ஆஸ்பத்திரியில் என் மகளை நர்ஸ் முதலில் கொடுத்தது அக்காவின் கையில்தான். மறுநாள் வந்து சேர்ந்த அம்மா, அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசினாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

ஊர் ஏக்கம் இன்னும் போகவில்லை. டிசம்பர் வந்தால் வந்துவிடுகிறது. அக்காவை என்னிடம் கொண்டுவந்தது அந்த ஏக்கம்தான்; அதை எடுத்துப்போடும்படி இப்போதெல்லாம் நான் கர்த்தரிடம் கேட்பதில்லை.