பலகைக்கு இந்தப் பக்கம்

எங்கள் சுவருக்குள் யாரோ குடியிருக்கிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வளைகுடாவில், சத்வா என்ற பகுதியில் ஒரு பழைய வில்லாவைப் பலகையடித்துப் பல அறைகளாக்கியிருந்தார்கள். அதில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். இரட்டைப் பலகை, நடுவே ஒரு சாண் வெற்றிடம். அதை ஒட்டித்தான் என் கட்டில். பள்ளிவிட்டு வந்து படுத்தால் தலைமாட்டில் பிறாண்டும் சத்தம் கேட்கும்.

"எலியாக்கும்" என்றார் அப்பா. அவர் ஏசி மெக்கானிக். சுவர், குழாய், ஓட்டை எதைப் பற்றியும் அவருக்கு உறுதியான கருத்து உண்டு. ஊரிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டைப் பொறியில் வைத்து என் கட்டிலுக்கடியில் போட்டார். பொறியும் கருவாடும் அப்படியே இருந்தன. பிறகு ஒருநாள், தொழிலாளர் கேம்ப்பில் யாரோ கொடுத்ததாக ஒரு சிறு டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே சாம்பல் நிற மாத்திரைகள். சுவருக்குள் போட்டு ஓட்டையை அடைத்துவிட்டால் கலாஸ், கதை முடிந்தது என்றார்.

மூடியைத் திருகுவதற்குள் அம்மா டியூட்டி முடிந்து வந்துவிட்டாள். கிளினிக்கில் நர்ஸ். செருப்பைக்கூடக் கழற்றாமல் டப்பாவை வாங்கி வாசித்தாள்.

"முதல்ல கைய சோப்பு போட்டுக் கழுவுங்க."

"கேம்ப்புல எல்லாவனும் போடுகானுவ. செத்தா போயிட்டானுவ?"

"இது காத்தாட்டு பரவும். பலகைக்கு அந்தப் பக்கமே நில்லுன்னா கேக்குமா?"

"ஒரு எலிக்கு இவ்வளவு பேச்சா?"

"எலின்னு ஆரு சொன்னா? எலி கருவாட்ட விட்டு வைக்குமா?"

பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துச் சுவரில் வைத்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சுவருக்கு என்னட்டி, நிமோனியாவா?"

அம்மா நோயாளியின் முதுகில் நகர்த்துவதுபோல் அதைப் பலகையில் நகர்த்தினாள். ஓரிடத்தில் நிறுத்தி, என் காதில் மாட்டினாள். "மக்களே, நீ சொல்லு. என்ன கேக்குது?"

நூலைப்போல் மெலிந்த அழுகை. ஒன்றல்ல, பல.

"பூனைக்குட்டி!"

அப்பா முனகிக்கொண்டே பலகையைக் கழற்றினார். மூன்று குட்டிகள், கண் திறக்காதவை. பழைய ஏசி இருந்த ஓட்டையை அப்பாதான் அட்டை வைத்து மூடியிருந்தார். தாய்ப்பூனை அதைக் கிழித்து உள்ளே வந்திருக்கிறது. குட்டிகள் படுத்திருந்த பஞ்சும் அவர் வேலைக்குக் கொண்டுவந்து மீந்ததுதான்.

"டாக்டரம்மா சொன்னா சரிதான்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அம்மாவுக்குப் பூனை என்றாலே தும்மல் வரும். குட்டிகளை அட்டைப்பெட்டியில் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, ஒன்றையும் தடவிக்கூடக் கொடுக்காமல், அந்த டப்பாவைப் பற்றி வில்லாவின் ஒவ்வொரு கதவையும் தட்டி விசாரித்தாள். "மாஃபி சிஸ்டர், நாங்க போடல" என்றார்கள். அவள் நம்பாமல் உள்ளே போய்ச் சுவரோரம் முகர்ந்து பார்த்தாள். என் சாமர்த்தியத்தைச் சொல்லத்தான் வீடுவீடாகப் போகிறாள் என்று நினைத்து, ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நானும் பின்னாலேயே நடந்தேன்.

இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் ஷார்ஜாவில், எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் மூட்டைப்பூச்சிக்கு அதே மாத்திரையைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். என் மகன் வாந்தியெடுத்தான். பூண்டு அழுகியதுபோல் ஒரு வாடை. அவனைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினேன். இப்போது நலமாக இருக்கிறான், விளையாடுகிறான்.

பூனைக்குட்டிகளைக் கண்டுபிடித்த அன்று சாயங்காலம் அம்மா என் கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டாள். குட்டிகள்தான் போய்விட்டனவே, இனி எதற்கு என்று நான் சண்டை பிடித்தேன். அவள் ஸ்டெதஸ்கோப்பை என் கழுத்திலிருந்து எடுத்து என் முதுகில் வைத்தாள்.

"மூச்ச நல்லா இழு, மக்களே. இன்னும் ஒருக்கா."

வட்டத் தகடு ஜில்லென்றிருந்தது. எனக்குள்ளும் பூனைக்குட்டி தேடுகிறாள் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.