வேன் வந்தா எல்லாரும் இருப்போம்

என் அம்மாவை முழுப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காட்டு வேலைக்குப் போன காலத்தில் நிலக்காரர் வீட்டுப் பொடிப் பயல்கூட "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவான். பிறகு விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே அவள் திரி வைக்கிற ரூமில் உட்கார்ந்திருக்கும் பொம்பளைகளில் ஒருத்தி. தெருவில் நான் பிறந்ததிலிருந்து என்னுடைய அம்மா, அதற்கு முன்னால் அப்பாவுடைய பெண்டாட்டி. அவள் பெயரை ஊரறிய உரக்கச் சொல்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓட்டுச்சாவடி.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருக்கிற சார், வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசிப்பார். கட்சிக்காரர்கள் தங்கள் தாளில் டிக் அடிப்பார்கள். அதைக் கேட்பதற்காக அம்மா தலைக்குக் குளித்து, பீரோவில் மடித்து வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள். "அந்த சாரு என் பேரச் சொல்றப்ப அம்புட்டுப் பேரும் நிமிந்து பாப்பாக ஆத்தா" என்பாள். யாருக்குப் போட்டாள் என்று என்னிடம்கூடச் சொன்னதில்லை. யார் வந்தாலும் தனக்குத் திரி வைக்கிற வேலைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை.

அந்தப் பெயரைத்தான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஊர் ஆமத்தூர் பக்கம். காலையில் விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேன் வந்து நிற்கும். எங்கள் தெருவே அதில் ஏறிப் போய்விடும். திரும்ப விளக்கு வைக்கிற நேரம் ஆகும். அதுவரை வரிசையாகப் பூட்டுத் தொங்கும். எங்கள் ஆட்களுக்குப் பூட்டு என்றால் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டியலைச் சரிபார்க்க வந்தவருக்கு அது வேறு அர்த்தமாகிவிட்டது. நண்பகலில் வந்தார், பூட்டைப் பார்த்தார், "நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டை விட்டு நகராதவள் எங்கே குடிபெயர்ந்தாளாம்? தெருவில் படுத்த படுக்கையாக யாராவது இருந்த வீடுகள் மட்டும் தப்பித்தன.

நிலக்காரர் தெருவில் கதவுகள் எப்போதும் திறந்துதான் கிடக்கும். வெளிநாட்டில் குடியிருக்கிற மகன் பெயர் அங்கே பட்டியலில் இருக்கிறது. காலமாகிப் படத்துக்கு மாலை போட்டிருக்கிற பெரியவர் பெயரும் இருக்கிறது. கதவு திறந்திருந்தால் செத்தவரும் இருக்கிறார், பூட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறவளும் இல்லை. இதைச் சொன்னால் எனக்கு வாய் நீளம் என்கிறார்கள். சிவகாசியில் வாக்கப்பட்டதால் என் பெயர் பிழைத்தது. நான் அச்சகத்துக்கு டிசைன் வேலைக்குப் போய்விட்டாலும் மாமியார் வீட்டில் இருப்பார். அவரால் எனக்கு ஆன ஒரே உபகாரம் அது.

என் போனிலேயே அம்மாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தேன். நேரில் விசாரிக்க ஆள் வந்தது, பகலில். வீடு பூட்டியிருந்தது, தள்ளுபடி. மறுபடி விண்ணப்பித்தேன். மறுபடி பகல், மறுபடி பூட்டு. எந்த நாள் வருவீர்கள் என்று சொன்னால் அன்றைக்கு லீவு போடச் சொல்கிறேன் என்று போனில் கெஞ்சினேன். அதெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார்கள். தீபாவளி சீசனில் காரணமில்லாமல் நாள் நாளாக லீவு போட்டால் அம்மா உட்கார்ந்து வேலை பார்க்கிற மனைப் பலகையில் வேறு ஆள் வந்துவிடும். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இந்த நேரத்தில்தான் வாக்காளர் சேவையை மேம்படுத்த மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். கருத்துப் படிவம் அச்சடிக்கிற ஆர்டர் எங்கள் அச்சகத்துக்கே வந்தது. டிக் அடிக்க மூன்று கட்டம். மிக நன்று, நன்று, பரவாயில்லை.

முதலாளியிடம் கேட்டேன். "மோசம்னு ஒரு கட்டம் வேண்டாமா அண்ணாச்சி?"

"ஆர்டர் குடுத்தது அவுக. அடிச்சுக் குடுக்குறது நாம. ஒனக்கு எதுக்குத் தாயி ஊர் வம்பு?" என்றார்.

கூடவே கூட்டத்துக்கான நோட்டீசும் வந்தது. வேலை நாள், முற்பகல் பதினொரு மணி. வேலைக்குப் போகிறவர்களின் குறையைக் கேட்க, வேலைக்குப் போகிற நேரம். தலையில் அடித்துக்கொண்டு அதையும் அடித்துக் கொடுத்தேன். நாள் தெரிந்துவிட்டதே என்று அம்மா அன்றைக்கு லீவு போட்டாள். நானும் போட்டேன்.

பஞ்சாயத்து ஆபீஸில் முன்வரிசை நாற்காலிகளில் நிலக்காரர் தெரு ஆட்கள். வந்த அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர், இளவயசு. எல்லோரையும் வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் பேசினார். முன்வரிசை ஓட்டுச்சாவடிக்கு மின்விசிறி கேட்டது, நிழற்பந்தல் கேட்டது. பெண்கள் யாராவது பேசுங்கள் என்று அவரே கேட்டபோது அம்மா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீங்க வாரப்ப எல்லாம் வீடு பூட்டித்தான் கெடக்கும் சார். வேன் வந்தா நாங்க அம்புட்டுப் பேரும் இருப்போம்."

"வேன் வந்தா போதுமாம்மா?"

"போதும் சார். வேற என்ன வேணும்? வேன் வந்தா ஒருத்தர் விடாம இங்கனதான் நிப்போம்."

அருமையான யோசனை என்று எழுதிக்கொண்டார். கூட வந்த ஆள், கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்த அம்மாவைப் படம் எடுத்தார். எங்கள் பக்கத்தில் வேன் என்றால் எந்த வேன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நம்பினேன். அன்றைக்கு அம்மா முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

சில வாரத்தில் வேன் வந்தது. மேலே ரேடியோக் குழாய் கட்டி, சுற்றிலும் பேனர் ஒட்டி, உள்ளே கம்ப்யூட்டரும் நாற்காலியுமாக ஒரு புது வேன். பேனரில் "மக்கள் கேட்டார்கள், வேன் வந்தது" என்று கொட்டை எழுத்து. வந்த நேரம் நடுப்பகல். எங்கள் தெருவில் பூட்டுகளைப் பார்த்து, ஜனநாயகக் கடமையாற்ற அழைக்கிறோம் என்று வெகுநேரம் கூவியிருக்கிறது. நிலக்காரர் தெருவில் பதினெட்டு முடிந்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, வெயில் தாழும் முன்பே கிளம்பிவிட்டது. பிறகு கம்பெனி வேன் வந்து எங்கள் ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறது.

ராத்திரி போனில் அம்மா சிரித்தாள். "நான் நம்ம வேனச் சொன்னேன்த்தா. அந்த மனுசன் எந்த வேனக் கொண்டாந்துருக்காரு பாத்தியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்பதுகூடத் தெரியாமல் திட்டினேன்.

அடுத்து வந்தது போஸ்டர் ஆர்டர். மக்கள் கருத்தால் மேம்பட்ட சேவை என்று தலைப்பு. ஃபைலைத் திறந்தேன், திரை முழுக்க அம்மா. கையை நீட்டியபடி, வாய் திறந்தபடி. கீழே போட வேண்டிய வரி: "பயன்பெற்ற பயனாளி." முகம் இருட்டாக இருக்கிறது, வெளுப்பாக்கவும் என்று தனியாக ஒரு குறிப்பு வேறு. அம்மாவின் நிறத்தை நானே உட்கார்ந்து வெளுப்பாக்கினேன்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அடேங்கப்பா, ஒங்கம்மாவா? லட்சணமா இருக்காக."

"இவுகளுக்கு ஓட்டே இல்ல அண்ணாச்சி. பயனாளின்னு போட்டா என்ன அர்த்தம்? பேரையாவது கீழ போட்டுரட்டுமா?"

"அவுக குடுத்த மேட்டர்ல ஒரு எழுத்துக் கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. தெரியும்ல?" என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கம் போய்விட்டார்.

அச்சான போஸ்டரில் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு ஓட்டுப் பட்டியல் அலுவலகத்துக்கே போனேன். சீட்டில் இருந்தவர் விரித்துப் பார்த்தார். "இவங்கதான் பயனாளியாச்சேம்மா, பேர் இருக்குமே?" என்றார். இல்லை என்றேன். தேடிப் பார்த்தார், இல்லை. அவருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. பட்டியல் முடிந்துவிட்டது, தேர்தல் கழித்து வாருங்கள், கட்டாயம் சேர்த்துவிடலாம் என்று போஸ்டரைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்தார்.

ஓட்டுப் போடுகிற அன்றைக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் எவ்வளவோ சொன்னேன். எப்போதும் போலத் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக் கிளம்பிவிட்டாள். ஒருவேளை அந்த போஸ்டரைப் பார்த்துச் சேர்த்திருப்பார்கள் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. வழியில் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் வெளுத்த முகத்தோடு அவளே ஒட்டப்பட்டிருந்தாள். கூட வந்தவர்கள் கைகாட்டிக் கேலி செய்தார்கள். அவள் நின்று பார்க்கவில்லை.

எனக்கு அங்கே ஓட்டு இல்லை என்பதால் போலீஸ்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா அட்டையை நீட்டினாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தாள்களைப் புரட்டினார், விரலை மேலும் கீழும் ஓட்டினார், பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க பேரு இல்லையேம்மா."

அம்மா நகரவில்லை. சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். போட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"ஓட்டு வேண்டாம் சார்," என்றாள். "என் பேர மட்டும் ஒருக்காச் சத்தமாச் சொல்லிருங்க. நான் போயிருதேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லாத பேரை எப்படிம்மா வாசிக்கிறது? தள்ளி நில்லுங்க, ஆள் வருதுல்ல."

அம்மா தள்ளி நின்றாள். பின்னால் நின்றவளின் பெயரை அவர் உரக்க வாசித்தார்.